ஈசானிய மூலைக்குப் போன நீச்சல் குளம்

என் வீட்டுக்காரர் எதையும் என்னைக் கேட்காமல் செய்ததில்லை. எந்தச் சட்டை போடட்டும் என்று கேட்பார். சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று, சாப்பிடுகிற அவரே, சமைத்த என்னைக் கேட்பார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரட்டுமா என்று அதையும் கேட்பார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டே என் பிராணனை வாங்கியவர். அப்படிப்பட்டவர் என்னைக் கேட்காமல் செய்துவந்த காரியம் ஒன்றே ஒன்றுதான். தினமும் காலை ஆறேகால் மணிக்கு, சித்தூரில் எங்கள் துறை வளாகத்துக்குள் இருக்கும் நீச்சல் குளத்தில், ஐந்து மீட்டர் உயரக் கான்கிரீட் மேடையிலிருந்து தலைகீழாகக் குதிப்பார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

அவர் பாலசமுத்திரம் பக்கத்து விவசாயக் குடும்பம். கிணற்றில் குதித்துப் பழகியவர். யாராவது பாராட்டினால், "இது இன்னா பெரிய வித்தையா, எங்கூர்ல அல்லாரும்தான் குதிப்பாங்க" என்று நழுவிவிடுவார். வேலை, அரசுக் கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். நாள் முழுக்கக் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்குகிறவர். அதனாலோ என்னவோ, எதையும் மெல்லத்தான் எடுப்பார், மெல்லத்தான் வைப்பார். மேடையின் நுனியில் நிற்கும்போது மட்டும் அவர் வேறு ஆள். தோள் விரிந்துவிடும். கீழே கேலரியில் உட்கார்ந்திருக்கும் என்னைக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் மறுநாள் முதல் குதிக்கட்டுமா என்று கேட்க ஆரம்பித்துவிடுவாரோ என்று பயம்.

எனக்கு நீச்சல் தெரியாது. நான் அங்கே போய் உட்கார்ந்தது அவருக்காகப் பாதி, அந்தக் கட்டடத்துக்காகப் பாதி. எந்தத் துறை என்று எழுதப்போவதில்லை. நான் அங்கே உதவிப் பொறியாளர், பென்ஷன் வாங்க வேண்டியிருக்கிறது. வளாகம் பெரியது. ஆபீஸ், வண்டி ஷெட், மேலதிகாரியின் குடியிருப்பு எல்லாம் ஒரே மதிலுக்குள். குளம் எங்கள் ஊழியர்களுக்கு மட்டுமல்ல, ஊர் ஜனங்கள் எல்லோருக்கும் திறந்தது.

சுதந்திரம் வந்து பதினைந்து இருபது வருஷத்துக்குள் கட்டியிருக்கிறார்கள். சிமென்ட்டை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்று ஆசை ஆசையாக முயன்று பார்த்த காலம் அது. தூணுக்கு வேலைப்பாடு கிடையாது, பூ கிடையாது, வளைவு கிடையாது. கேலரி மேற்குப் பக்கம், ஒன்பது படிகள். அதற்கு மேலே விசிறி மடிப்பாக மடித்த கான்கிரீட் கூரை. கனம் நான்கு அங்குலம்தான் இருக்கும். பின்பக்கம் மட்டுமே தூண்கள், முன்பக்கம் ஒரு தூண்கூட இல்லாமல் பதினெட்டு அடி நீட்டிக்கொண்டு நிற்கும். எந்தப் படியில் உட்கார்ந்தாலும் குளம் முழுதாகத் தெரியும்.

இதை வரைந்தவன் கேலரியை எதற்கு மேற்கில் வைத்தான் என்பது ஒரு மே மாதச் சாயங்காலம்தான் எனக்குப் புரிந்தது. மூன்று மணிக்குக் கூரையின் நிழல் தண்ணீரில் விழ ஆரம்பிக்கிறது. நான்கரைக்குப் பள்ளிப் பிள்ளைகள் வரும்போது பாதிக் குளம் நிழலில் இருக்கிறது. சித்தூர் வெயிலைத் தலையில் வாங்கிக்கொண்டு வரைந்த ஆள். தெற்கில் உடை மாற்றும் அறைகள். அவற்றுக்கு ஜன்னல் இல்லை, ஓட்டை ஓட்டையாக வார்த்த சிமென்ட் ஜாலிதான். காற்று உள்ளே வரும், வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அறையிலிருந்து குளத்துக்கு வர ஒரே வழி, அந்த வழியின் நடுவே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும் ஒரு பள்ளம். தாண்டிக் குதிக்க முடியாத அகலம், சுற்றிப் போக இடமும் இல்லை. மண் காலோடு யாரும் குளத்தில் இறங்கக் கூடாது என்பதை ஒரு போர்டுகூட இல்லாமல் கட்டடமே பார்த்துக்கொள்ளும். எங்கள் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கும் ஐம்பது அறிவிப்புகளை நினைத்துக்கொண்டு அந்தப் பள்ளத்தைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

எல்லாவற்றிலும் அழகு வடக்கு முனையில், பன்னிரண்டு அடி ஆழத்துக்குப் பக்கத்தில் இருந்த குதிக்கும் மேடைதான். ஒரே தூண். சற்றுப் பின்னால் சாய்ந்து நிற்கும். அதைச் சுற்றிப் படிகள் ஏறும். உச்சியிலிருந்து தண்ணீரை நோக்கி ஒரு ஸ்லாப் நீளும், நுனிக்குப் போகப் போகக் கனம் குறைந்துகொண்டே போகும். கான்கிரீட் ஊற்றியபோது அடியில் கொடுத்த மரப்பலகைகளின் ரேகை அப்படியே பதிந்திருக்கும், பூசி மறைக்கவில்லை. பிள்ளைகள் அதைக் கொக்கு என்பார்கள். ஒற்றைக் காலில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறது அல்லவா, அதனால். ரெக்கார்டு ரூமில் அதன் அசல் வரைபடம் இருக்கிறது. வரைந்தவரின் பெயர் இருந்த மூலையைக் கரையான் அரித்துவிட்டது.

இந்த நிலையில்தான் எங்களுக்குப் புது மேலதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. யாரிடமும் குரலை உயர்த்தாதவர். என்னைப் பற்றி அப்படி யாரும் சொல்ல முடியாது. அவர் வந்த நாலாவது மாதம் அவருடைய மனைவிக்கு உடம்புக்கு வந்தது. வேலூருக்கும் சித்தூருக்குமாக அலைந்தார். மருந்து மாறியது, டாக்டர் மாறினார், அந்த அம்மா மட்டும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கஷ்டம் என்றால், டாக்டருக்கு அடுத்தபடி கூப்பிடுவது வாஸ்துக்காரரைத்தான். ஆறுதல் சொல்ல வருகிறவர்களே வாசல் எந்தத் திசை என்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்கள். நல்ல தேக்குக் கதவைக் கழற்றி, அந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்து, பக்கத்துச் சுவரை உடைத்துக் கதவு வைத்த வீடுகள் சித்தூரில் தெருவுக்குத் தெரு உண்டு. நானே எத்தனையோ பேருக்கு உடைத்துக் கொடுத்திருக்கிறேன். மேலதிகாரியின் குடியிருப்பு எங்கள் வளாகத்துக்குள் என்பதால், வந்தவர்கள் வளாகத்தையே திசை பார்த்தார்கள். நீச்சல் குளம் தென்மேற்கில் இருக்கிறது. கன்னிமூலை, இங்கே நைருதி என்போம். நைருதியில் பள்ளம் இருக்கக் கூடாது, பள்ளத்தில் தண்ணீரும் நின்றால் அந்த மதிலுக்குள் வாழும் பெண்ணுக்கு ஆகாது என்று ஒருவர் சொன்னார், பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

ஃபைலில் அப்படியா எழுதுவார்கள்? குளம் கசிகிறது, பராமரிக்க ஆள் இல்லை, மண் போட்டு நிரப்பி வண்டி நிறுத்தும் இடமாக்கலாம் என்று எழுதினார்கள். எத்தனை லோடு மண் வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டிய ஆள் நான். ஒரு சொட்டுக்கூடக் கசியாத குளம் என்று எனக்குத் தெரியும். ஃபைலை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனேன். தெலுங்கில்தான் பேசினோம். கசிவு எங்கே, காட்டுங்கள் சார் என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே எழும்பிவிட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு இப்படி ஆச்சுன்னா, நாலு பேர் சொல்றதைச் செய்யாம விடுவீங்களா?" என்று கேட்டார்.

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை. இரண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து இவரிடம் கொட்டினேன்.

"மூடிடுவாங்களா?" என்றார்.

"மூடத்தான் ஆர்டர்."

"அந்தம்மாக்கு நல்லாயிடும்னா மூடட்டுமே. உசுரு பெரிசில்ல?" என்றார்.

"லேப்ல தானே வேல செய்றீங்க? குளத்துல மண்ணப் போட்டா நோய் போவுமா? இன்னா மனுஷன் நீங்க, உங்க வாயில சண்டைன்னு ஒண்ணு வராதா?" என்று கத்தினேன். அவர் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மறுநாள் காலை வழக்கமாக ஒருமுறை குதிக்கிறவர் மூன்று முறை குதித்தார். மூன்றாவது முறை படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அதைப் பார்த்ததும், இந்தக் குளத்தை மூட விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

மேலதிகாரியோடு சண்டை போட்டுப் பயனில்லை. அவர் யார் வார்த்தையை நம்புகிறாரோ அவரிடம்தான் போக வேண்டும். திருப்பதியில் ஒரு வாஸ்துக்காரர் எழுதிக் கொடுத்தால் மேலதிகாரி கையெழுத்துப் போடுவார் என்று அவருடைய டிரைவர் சொன்னார். நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து முழு வளாகத்தையும் புதிதாக வரைந்தேன். எதிரே உட்காரப்போகிறவர் அந்தக் கட்டடத்தின் அழகைப் பார்த்தாலே மனசு இளகிவிடுவார் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதனால் வெறும் தளப்படத்தோடு நிற்கவில்லை. கேலரிக் கூரையின் மடிப்பு, ஜாலி, எல்லாவற்றையும் பக்கவாட்டுத் தோற்றமாகவும் வரைந்தேன். கொக்குக்கு மட்டும் தனித் தாள். தூணின் சாய்வு, படி, நுனியில் மெலியும் ஸ்லாப், எல்லா அளவும் போட்டு, அதன் உச்சியில் சின்னதாக ஒரு ஆளையும் நிறுத்தினேன். என் வாழ்க்கையிலேயே நான் வரைந்த நல்ல படம் அதுதான்.

திருப்பதியில் அவர் வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ் வைஷ்ணவக் குடும்பம். பேச்சில் தமிழும் தெலுங்கும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும். ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று வரிந்து கட்டிக்கொண்டு போயிருந்தேன். அவரோ காபி கொடுத்துவிட்டு, என் தாளை விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்து, அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். என் மேலதிகாரிகள் யாரும் என் வரைபடத்தை அப்படிப் பார்த்ததில்லை.

"குளத்த நகத்த முடியாது சாமி," என்றேன்.

"குளத்த யாரும்மா நகத்தச் சொன்னா? செவுர நகத்துங்கோ," என்றார். "ஸ்தலம்னா என்ன? காம்பவுண்டுதானே? செவுரு எங்க நிக்கறதோ அங்க ஸ்தலம் முடிஞ்சுது, அந்தே, அவ்ளோதான்."

பென்சிலை எடுத்துக் குளத்தின் வடக்கிலும் கிழக்கிலும் கரையை ஒட்டி ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டில் சுவர் எழுப்பிவிட்டால், குளமும் கேலரியும் உடை மாற்றும் அறைகளும் தனி வளாகம். அதற்குள்ளே மேற்கில் கேலரி, தெற்கில் அறைகள், மிச்சமிருக்கும் வடகிழக்கில் தண்ணீர். வடகிழக்கு என்றால் ஈசானியம். தண்ணீர் இருக்க அதைவிட நல்ல மூலை கிடையாது. குடியிருப்பு அந்தப் பக்கத்து வளாகத்துக்குப் போய்விடும், அதற்கு நைருதியில் குளமே இருக்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் நகராமல் நைருதிக் குளம் ஈசானியக் குளம் ஆகிவிட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த மனிதரைப் பிடித்தும்போய்விட்டது. ஆழமான பக்கம் வடக்கில் இருப்பது ரொம்ப விசேஷம் என்று வேறு சொன்னார்.

பிறகு அவருடைய விரல் என் தனித் தாளுக்குப் போனது.

"இது என்னது?"

"குதிக்கிற மேடை சாமி. பதினாறரை அடி. ஒத்தத் தூண்ல நிக்குது, பாருங்க," என்றேன், பெருமை பொங்க.

"ரொம்ப அழகா இருக்கும்மா," என்றார். "ஆனா ஈசானியத்துல இவ்ளோ ஒசரம், இவ்ளோ பாரம் வரக் கூடாதே."

அது பாரமே இல்லை, சின்னத் தூண் என்றேன். சின்னது என்று நானே போட்ட அளவுகள் சொல்லவில்லை. சரி, அதைப் படத்திலிருந்து அழித்துவிடுகிறேன் என்றேன். அவர் மறுத்துத் தலையாட்டினார். "நீங்க இத வரஞ்சு காட்டாம இருந்திருந்தா நான் கேட்டே இருக்க மாட்டேன். இப்ப பார்த்துட்டேனே. அந்தம்மாக்கு நாளைக்கு ஒண்ணு ஆயிடுத்துன்னா, தெரிஞ்சே மறைச்சேன்னு என் மனசு சொல்லும்."

அவர் சொன்னதில் பித்தலாட்டம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். இடித்துத் தள்ள வேண்டாம், சுவருக்கு அந்தப் பக்கம் விட்டுவிடலாம் என்பது மட்டும் நான் கெஞ்சி வாங்கியது. தூணுக்கும் தண்ணீருக்கும் நடுவே சுவர். சுவரைத் தாண்டித் தண்ணீர் மேல் நீளும் ஸ்லாபை வெட்டிவிட வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வழி நெடுக மாந்தோப்புகளைப் பார்த்தபடி, என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். எந்த மடச்சி சொந்தக் கையால் அவ்வளவு அழகாக வரைந்து கொண்டுபோய்க் கொடுப்பாள்?

இவரிடம் குளம் தப்பித்தது என்று மட்டும் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் காலை நண்பர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பெண்கள் நேரத்துக்கு வரும் அம்மாக்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மேலதிகாரி திட்டத்தில் கையெழுத்துப் போட்டு, எனக்கு நன்றியும் சொன்னார். கொக்கைப் பற்றி இவரிடம் சொல்ல ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு நாளும் குழம்புக்குப் புளி கரைத்தேன், துணி மடித்தேன், சீரியல் பார்த்தேன். நாலு தாலுகாவில் வாயாடி என்று பெயர் எடுத்தவளுக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

சுவருக்குக் கோடு போட வேண்டிய நாள் வந்தது. டேப் பிடிக்கிற ஆள் அன்று வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணி. குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்த இவர், "நான் புடிக்கட்டா?" என்று டேப்பின் நுனியை வாங்கிக்கொண்டார். மறுக்க எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. கிழக்குப் பக்கம் அளந்தோம். பிறகு வடக்குக்கு வந்தோம்.

"கரையிலேர்ந்து எவ்ளோ?"

"ரெண்டடி," என்றேன்.

அவர் குனிந்து டேப்பைக் கரையில் வைத்தார். ரெண்டடியில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி போட்டார். நிமிர்ந்து பார்த்தார். அவருடைய தலைக்கு நேர் மேலே ஸ்லாபின் அடிப்பக்கம், அந்தப் பலகை ரேகைகள்.

"இங்க இன்னா வருது?"

"செவுரு."

"அப்போ மேல கீறது?"

"வெட்டணும்."

டேப்பைக் கையில் பிடித்தபடியே நின்றார். அவர் கேட்பார், கேட்பார் என்று நான் காத்திருந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லிவிடலாம், திட்டினால் திருப்பித் திட்டிவிடலாம். கடைசியில் அவர் கேட்டது, "நான் இப்பிடியே புடிச்சிக்கினு நிக்கட்டா, இல்ல அந்தாண்ட மூலைக்குப் போவட்டா?" என்றுதான்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "கோவப்படுங்களேன்! ஒரு வாட்டியாச்சும் கோவப்படுங்களேன்! நான்தான் வரஞ்சி குடுத்தேன், என்னாலதான் போச்சி!" என்று அந்த வெயிலில் கத்தினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். திருப்பதி, தனித் தாள், உச்சியில் நிறுத்திய சின்ன ஆள்.

பொறுமையாகக் கேட்டார். "தண்ணி கீது இல்ல? பொம்பளைங்க வருவாங்க, புள்ளைங்க வரும். நான் ஒருத்தன் குதிக்கிறதுக்கோசரமா இத்த கட்டினாங்க?" என்றார். டேப்பைச் சுருட்டிக்கொண்டே என் பக்கம் நடந்து வந்தார். சுருட்டி முடித்து என் கையில் கொடுக்கும்போது, "நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார்.

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் என்னைக் குறை சொன்னது அந்த ஒருமுறைதான். இன்றைக்கும் நினைத்தால் வலிக்கிறது.

ஸ்லாபை வெட்டிய அன்று அவர் கல்லூரிக்குப் போய்விட்டார். நான் நின்று பார்த்தேன், அது என் வேலை. மெஷின் வைத்து மூன்று துண்டாக அறுத்துச் செயின் கட்டி இறக்கினார்கள். அறுபட்ட முகத்தில் கம்பிகள் தெரிந்தன. இத்தனை வருஷம் மழையிலும் குளோரின் ஆவியிலும் நின்றும் உள்ளே துருவின் தடம்கூட இல்லை. கான்கிரீட் கல்லாக இறுகியிருந்தது. இன்னும் ஐம்பது வருஷம் யாரை வேண்டுமானாலும் தாங்கியிருக்கும். மேஸ்திரி அந்தத் துண்டைத் தட்டிப் பார்த்து, "எவன் போட்டான் மேடம் இத்த, இன்னா ஸ்ட்ராங்கு!" என்றார்.

சுவர் எழும்பியது. ஏழடி. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: சுவரால் நல்லதும் நடந்தது. வண்டி ஷெட் பக்கமிருந்து எட்டிப் பார்க்கும் கண்கள் ஒழிந்ததால் காலையில் வரும் பெண்களின் கூட்டம் இரண்டு மடங்காயிற்று. மேலதிகாரியின் மனைவிக்கு வேலூர் மருந்து வேலை செய்ய ஆரம்பித்தது. முகத்தில் கொஞ்சம் சதை போட்டது. சாயங்காலம் அந்தச் சுவரை ஒட்டி மெல்ல நடப்பார். என்னைப் பார்த்தால் நின்று, என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொள்வார். சுவரால்தான் பிழைத்தேன் என்று நம்புகிறவரிடம் மாத்திரையைப் பற்றி வாதாட நான் யார்? அவர் நடப்பதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இவர் மட்டும் மாறிப்போனார். குளத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆனால் தெற்குப் பக்கம், பிள்ளைகள் இறங்கும் ஆழமில்லாத படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவார். பத்து முறை போய் வருவார், ஏறிவிடுவார். குதிக்க முடியவில்லையே என்று வருத்தமாக இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். "முட்டி வலிக்குதில்ல, நல்லதாப் போச்சி," என்றார். நான் கேலரியில் உட்கார்ந்து தெற்கும் வடக்குமாகப் போய் வரும் அவருடைய தலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அத்தனை தலைகளுக்கு நடுவே எது அவருடையது என்று அடிக்கடி எனக்கே தெரியாமல் போகும்.

நாலைந்து மாதம் கழிந்து மழைக்காலம் நெருங்கியது. கொக்கின் வெட்டுப்பட்ட முனையில் கம்பிகள் வெளியே தெரிந்துகொண்டிருந்தன, மழை இறங்கினால் துருப்பிடித்துத் தூணே வெடித்துவிடும். கலவை வைத்துப் பூச ஒரு கொத்தனாரை வரச் சொல்லியிருந்தேன். எவ்வளவு கலவை வேண்டும் என்று பார்க்க ஒரு காலை நானே முதலில் ஏறினேன். அந்த மேடையில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை. சுவருக்கு அந்தப் பக்கம் உடைந்த ஜீப்புகளும் டயர்களும் கிடக்கிற முற்றத்திலிருந்து படி தொடங்குகிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, கீழே பார்க்காமல் ஏறி, உச்சியில் மிச்சமிருந்த இரண்டடி ஸ்லாபில் நின்றேன்.

சுவருக்கு மேலாகக் குளம் தெரிந்தது. வரைபடத்தில் பார்த்த குளம் இல்லை அது. கூரையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தண்ணீரில் கோடு கோடாகப் பிரதிபலித்தன. இந்த இடத்திலிருந்து பார்ப்பதற்காகவே மொத்தத்தையும் கட்டியிருக்கிறான் என்று தோன்றியது. இத்தனை வருஷமாக இவர் தினமும் பார்த்தது இதைத்தான். தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வடக்குக் கரையை ஒட்டி நாலைந்து பிள்ளைகள். அவர்களுக்குப் பக்கத்தில் இவர், மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார்.

மேடையில் ஆள் நின்றால் கீழே இருப்பவர்கள் ஒதுங்கி இடம் விட வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். கண்ணாடி இல்லாமல் இவருக்குப் பத்தடிக்கு அப்பால் ஆள் அடையாளம் தெரியாது. மிதந்துகொண்டிருந்தவர் சட்டென்று புரண்டார். மேலே பார்த்தார். கையை வீசிப் பிள்ளைகளை விலக்க ஆரம்பித்தார்.

"நவுருங்க, நவுருங்க! மேல ஆள் நிக்குது!"

"செவுரு கீது அங்கிள்!" என்று ஒரு பிள்ளை சிரித்தது.

"செவுரு இருந்தா இருந்துட்டுப் போவுது. நீ நவுரு!" என்று அதட்டினார். அவர் ஒருவரை அதட்டி நான் கேட்டதேயில்லை.

பிள்ளைகள் விலகிப் போனார்கள். சுவரோரம் தண்ணீர் காலியாகி, அலை அடங்கியது. எனக்குக் கண் மறைத்தது. நான்தான், குதிக்க மாட்டேன், கொத்தனாருக்காக வந்தேன் என்று கத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனாலும் நுனியை விட்டு நகராமல் நின்றேன். அவர் ஒரு கையால் கரையைப் பிடித்துக்கொண்டு, தலையை அண்ணாந்து, யாரென்று தெரியாத அந்த ஆள் குதிப்பதற்காகக் காத்திருந்தார்.